கிறுக்கலும் பேச்சும்: சிறு குழந்தையின் மொழி வளர வீட்டில் ஒரு கால்மணி நேரம்

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவின் வளர்ச்சி ஆலோசனைக்கு இரண்டே முக்கால் வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வந்திருந்தனர். தந்தை மகிழ்ச்சியோடு பேச்சைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணுவானாம், "ரெட், புளூ, எல்லோ" என்று நிறங்களைச் சொல்வானாம். எல்லாம் கைப்பேசியைப் பார்த்துத் தானாகக் கற்றது. அருகில் அமர்ந்திருந்த தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தாகம் எடுத்தா தண்ணினு கேக்கத் தெரியல டாக்டர். குடத்தைக் காட்டி அழுறான்." உடன் வந்த பாட்டி உடனே சமாதானம் கூறினார்: "அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான். தானா வந்துரும்."

இந்த மூன்று குரல்களையும் நாங்கள் ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் கேட்கிறோம். மூவருமே குழந்தையின் மீது அன்பு கொண்டவர்கள்தாம். எனினும் அன்று தாயின் கவலையே சரியானது. இருபது எண்களையும் ஐந்து நிறங்களையும் ஒப்பிப்பது மனப்பாடம். தனக்கு வேண்டியதைக் கேட்பதும், கண்டதை மற்றவருக்குச் சொல்வதும்தான் மொழி.

அந்தச் சிறுவனுக்கு நாங்கள் முதலில் செவித்திறன் பரிசோதனையும் பிறகு வளர்ச்சி மதிப்பீடும் செய்தோம். பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்பினோம். இவற்றோடு நான்கு தடித்த கிரேயான்களையும் சில வெள்ளைத் தாள்களையும் தாயின் கையில் கொடுத்து, நாள்தோறும் கால்மணி நேரம் மகனோடு தரையில் அமருமாறு கேட்டுக்கொண்டோம். எதற்காக இந்தத் தாளும் வண்ணமும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேச்சு எங்கே பிறக்கிறது?

குழந்தை எதை உற்றுப் பார்க்கிறதோ, அதன் பெயரை அதே கணத்தில் ஒருவர் சொல்லும்போது அந்தச் சொல் மனத்தில் பதிகிறது. குழந்தை காகத்தைப் பார்க்கும்போது "காக்கா" என்று சொன்னால் சொல்லும் பொருளும் இணைகின்றன. குழந்தை காகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் நாம் "இங்கே பார், கிளி" என்றால் இரண்டும் பிரிந்து நிற்கின்றன. பெரியவரும் குழந்தையும் ஒரே பொருளின் மீது கண் வைப்பதை மருத்துவத்தில் இணைக் கவனம் என்கிறோம். முதல் மூன்று ஆண்டுகளின் மொழி வளர்ச்சிக்கு இதுவே அடித்தளம்.

கைப்பேசியில் ஓடும் படம் இதைச் செய்ய இயலாது. குழந்தை எங்கே பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது. குழந்தை வாய் திறக்கும்வரை அது காத்திருப்பதுமில்லை. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு முதல் நான்கு வயதுவரை திரைநேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது, அதனினும் குறைவது நன்று என்று கூறியது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

தாளும் வண்ணமும் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கின்றன. குழந்தையின் கண்ணும் கையும் ஒரே இடத்தில் நிலைகொள்கின்றன. கோடு மெதுவாக நகர்கிறது. பெரியவரின் கண்ணும் அங்கே செல்கிறது. இருவருக்கும் இடையே பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. படம் அழகாக அமைந்ததா என்பது எங்களுக்குப் பொருட்டன்று. அந்தத் தாளைச் சுற்றி என்ன பேச்சு நடந்தது என்பதே பொருட்டு.

கிறுக்கலுக்கும் ஒரு வரிசை உண்டு

"சும்மா கிறுக்குறான் டாக்டர், படம் வரைய வரல" என்று பெற்றோர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. கிறுக்கல் வீண் செயலன்று. அமெரிக்கக் கல்வியாளர் ரோடா கெல்லாக், உலகின் பல பகுதிகளிலிருந்து சிறு குழந்தைகளின் படங்களைப் பெருந்தொகையாகத் திரட்டி ஆராய்ந்து 1969-இல் நூலாக வெளியிட்டார். புள்ளி, நேர்கோடு, வளைகோடு, சுழல் என இருபது அடிப்படைக் கிறுக்கல்களை அவர் வகைப்படுத்தினார்.

பொதுவாக நாங்கள் எதிர்பார்க்கும் வரிசை இது. குழந்தைக்குக் குழந்தை சில மாதங்கள் முன்பின்னாக இருக்கலாம்.

- ஒன்றேகால் முதல் ஒன்றரை வயது: கிரேயானை முழுக் கைப்பிடியில் பிடித்துக் கிறுக்கும்.
- இரண்டு வயது: மேலும் கீழுமாகக் கோடு இழுக்கும்.
- மூன்று வயது: வட்டத்தைப் பார்த்து வரையும். தன் கிறுக்கலுக்குப் பெயர் சூட்டத் தொடங்கும்.
- நான்கு வயது: கூட்டல் குறியைப் பார்த்து வரையும். பெரிய தலையிலிருந்தே கைகால் முளைத்த மனிதரை வரையும். இது தவறன்று, அந்த வயதின் இயல்பு.
- ஐந்து வயது: சதுரம் வரையும். மனிதருக்கு உடலும் விரல்களும் வரும். முக்கோணம் அதன் பின்னர்.

இவற்றுள் பேச்சோடு நெருங்கிய தொடர்புடையது, கிறுக்கலுக்குப் பெயர் சூட்டும் கட்டம். பிரெஞ்சு அறிஞர் லூக்கே தம் மகளின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 1913-இல் ஒரு நூல் எழுதினார். குழந்தை முதலில் கோட்டை இழுக்கிறது, இழுத்து முடித்த பிறகே அதில் ஏதோ ஒன்றைக் கண்டு பெயரிடுகிறது என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மைகளுள் ஒன்று. வரைவதற்கு முன் "என்ன வரையப் போற?" என்று கேட்டால் இரண்டரை வயதுக் குழந்தை விழிப்பது இதனால்தான். ஒரு கோடு பாம்பாகவும் அடுத்த நொடியே ரயிலாகவும் மாறுமானால் குழந்தை பொய் சொல்லவில்லை. ஒரு பொருளுக்குப் பதிலாக மற்றொன்றை நிறுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. தண்ணீர் கண்ணெதிரே இல்லாதபோதும் "தண்ணி" என்னும் ஒலி அதைக் குறிக்கும் என்பதும் இதே திறன்தான்.

கால்மணி நேரத்தை எவ்வாறு செலவிடுவது?

எங்கள் பயிற்சியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பவை நான்கு செயல்கள்.

முதலாவது, அருகில் அமர்தல். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, குழந்தையின் முகம் தெரியும்படி தரையில் அமருங்கள். உங்களுக்கும் ஒரு தாள் இருக்கட்டும். நீங்களும் கிறுக்குங்கள்.

இரண்டாவது, கேள்வியைக் குறைத்துக் கண்டதைச் சொல்லுதல். "இது என்ன? இது என்ன கலர்?" என்று அடுத்தடுத்துக் கேட்டால் குழந்தைக்கு அது தேர்வறை ஆகிவிடும். மாறாக, "கோடு நீளமா போகுதே", "சுத்திச் சுத்தி வருது", "பச்சை மேல மஞ்சள் ஏறிருச்சு" என்று, கை செய்வதை வாய் சொல்லட்டும்.

மூன்றாவது, காத்திருத்தல். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. ஒன்றைச் சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். தாமதமாகப் பேசும் குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். நாம் இரண்டு நொடியில் மறுபடி பேசிவிடுவதால் அதன் முறை வருவதே இல்லை.

நான்காவது, ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுதல். குழந்தை ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டாக்குங்கள். இரண்டு சொன்னால் மூன்றாக்குங்கள். நடைமுறையில் அது இவ்வாறு இருக்கும்:

குழந்தை: "பச்சு."
அம்மா: "ஆமா, பஸ்ஸு. பெரிய பஸ்ஸு." (காத்திருக்கிறார்.)
குழந்தை: "பச்சு... டாட்டா."
அம்மா: "பஸ்ஸு டாட்டா போகுது! தாத்தா ஊருக்குப் போகுது."

"பச்சு இல்ல, பஸ்ஸுன்னு சொல்லு" என்று அம்மா திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியான ஒலிப்பைத் தன் வாயால் சொல்லி விட்டுவிட்டார். திருத்தப்படும் குழந்தை பேசத் தயங்கும். சரியாகக் கேட்கும் குழந்தை காலப்போக்கில் தானே திருத்திக்கொள்ளும்.

இம்முறைக்கு ஆய்வு ஆதரவு உண்டு. 1988-இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், படப்புத்தகம் காட்டும்போது குழந்தையைப் பேசவிட்டு, அது சொன்னதை விரித்துத் திருப்பிச் சொல்லும் முறையை இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்றுவித்தனர். ஒரே மாதத்தில் அக்குழந்தைகள், வழக்கம்போல் புத்தகம் வாசித்துக்காட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சில் முன்னேறியிருந்தனர். புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டிலும், குழந்தையே வரைந்த படம் ஒரு படப்புத்தகம்தான்.

எந்த மொழியில் பேசுவது என்று பலர் கேட்கின்றனர். உங்களுக்கு எது இயல்பாக, நிறைவாக வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள். இரு மொழிகள் புழங்கும் வீட்டில் வளர்வதால் பேச்சுத் தாமதம் ஏற்படுவதில்லை. ஆயினும் பள்ளிச் சேர்க்கைக்காகத் தாய்மொழியை நிறுத்திவிட்டு, நமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் நான்கு சொற்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், குழந்தையின் காதில் விழும் மொழியே சுருங்கிவிடும்.

கை அறியும் சொற்கள்

கலைக்கென்று கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. நம் சமையலறையும் வாசலும் போதும். தமிழில் கை உணர்வதைச் சொல்லும் இரட்டைச் சொற்கள் ஏராளம்: வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, மெத்துமெத்து. இவை ஒலி இரட்டித்து வருவதால் குழந்தைக்குக் கேட்க இனிமையாகவும் சொல்ல எளிதாகவும் இருக்கின்றன. பொருளைத் தொடும்போதே சொன்னால் சொல்லும் தொடுவுணர்வும் ஒன்றாகின்றன.

- சப்பாத்தி மாவு: பிசை, உருட்டு, தட்டு, நீட்டு, கிள்ளு. பொருளின் பெயர்களை மட்டும் அறிந்த குழந்தை வாக்கியம் பேச வினைச்சொற்கள் வேண்டும். மாவு அவற்றைக் கையோடு கற்றுத்தரும்.
- வெண்டைக்காய் அச்சு: குறுக்கே வெட்டிய வெண்டைக்காயை வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் பூ விழும். "வை, அமுக்கு, எடு" என்னும் மூன்று சொற்களும் மீண்டும் மீண்டும் வரும். அடுத்த முறை "வை, அமுக்கு..." என்று நிறுத்திக் காத்திருங்கள். மூன்றாவது சொல் குழந்தையிடமிருந்து வரக்கூடும்.
- மஞ்சள் தண்ணீர்: மஞ்சள்தூள் கரைத்த நீரால் தாளில் வரைந்து, அதன் மேல் ஆப்பசோடா கரைசலைத் தடவினால் மஞ்சள் சிவக்கும். "ஐயோ, மாறிடுச்சே!" என்று வியக்காத குழந்தையை நாங்கள் கண்டதில்லை. சுண்ணாம்பிலும் இவ்வாறு சிவக்கும். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தையின் அருகே கொண்டுவரவே வேண்டாம். காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.
- வாசல் கோலம்: பாட்டி புள்ளி வைக்கும்போது பேரக்குழந்தை அருகில் அரிசிமாவால் தன் கோலத்தை இடட்டும். மேலே, கீழே, பக்கத்தில், நடுவில், உள்ளே, வெளியே என்னும் இடச்சொற்களுக்குக் கோலத்தைவிட நல்ல பாடம் இல்லை.
- தண்ணீர் ஓவியம்: பழைய தூரிகையும் ஒரு கிண்ணம் நீரும் கொண்டு சிமெண்டுத் தரையில் வரையச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் படம் மறையும். "எங்க போச்சு? காஞ்சு போச்சு." செலவும் இல்லை, துடைக்கும் வேலையும் இல்லை.

கற்பனைக்கு இடம் விடுதல்

"அப்பா, யானை வரைஞ்சு குடு" என்று கேட்கும் குழந்தைக்கு அழகான யானையை வரைந்து கொடுத்துவிட்டால் அதன் வேலை முடிந்துவிடுகிறது. மாறாக, "யானைக்கு என்னல்லாம் இருக்கும்?" என்று பேசுங்கள். "பெரிய காது" என்றால், "எங்க வைக்கலாம்?" என்று தாளை அதன் பக்கம் தள்ளுங்கள். வரும் யானைக்கு மூன்று கால்களே இருக்கலாம். எண்ணிக் குறை சொல்ல வேண்டாம். "இன்னொரு கால் எங்க?" என்பதைவிட, "இந்த யானை எங்க போகுது?" என்பது கதையைத் திறக்கும் கேள்வி.

கோட்டுக்குள் வண்ணம் தீட்டும் புத்தகம் கைக்குப் பயிற்சி தரும். தவறில்லை. ஆனால் நாள் முழுதும் அதுவே என்றால், குழந்தை சொல்வதற்கு எதுவும் எஞ்சாது. வெற்றுத்தாளும் இருக்கட்டும். இடக்கையால் வரையும் குழந்தையை வலக்கைக்கு மாற்ற வேண்டாம். அக்காவின் படத்தோடு ஒப்பிடவும் வேண்டாம்.

வரைந்து முடித்ததும் தாளின் பின்புறம் தேதியை எழுதி, குழந்தை சொன்ன சொற்களை அது சொன்ன வண்ணமே எழுதுங்கள். "பச்சு டாட்டா" என்றால் அதையே. தன் பேச்சு எழுத்தாவதைப் பார்க்கும் குழந்தைக்கு வாசிப்பின் மீது முதல் ஆசை பிறக்கிறது. அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது அத்தாள்களைக் கொண்டு வாருங்கள். "கொஞ்சம் பேசுறான்" என்பதைவிட அவை எங்களுக்குத் தெளிவாகக் கூறும்.

மருத்துவமனைப் படுக்கையில்

உள்நோயாளியாக இருக்கும் குழந்தைகள் சில நாட்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதுண்டு. புதிய இடம், ஊசி, அந்நிய முகங்கள் ஆகியவற்றின் விளைவு அது. அப்போது தாளையும் கிரேயானையும் அருகில் வையுங்கள். வற்புறுத்த வேண்டாம். குழந்தை எந்தக் கையால் வரையும் என்பதைச் செவிலியரிடம் முன்னரே கூறினால், இயன்றவரை மற்றொரு கையில் ட்ரிப்ஸ் ஊசி போடுவோம்.

நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் ஒரு மனித உருவத்தை வரைந்து கொடுத்து, "எங்க வலிக்குது, வண்ணம் போட்டுக் காட்டு" என்று கேட்கலாம். வாயால் சொல்லத் தெரியாத வலியைச் சில குழந்தைகள் அவ்வாறு காட்டிவிடுகின்றனர். அதே வேளையில், கறுப்பு வண்ணம் பூசினால் துயரம், சிவப்பு என்றால் கோபம் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. கைக்கு எட்டிய கிரேயான் அதுவாக இருந்திருக்கலாம். படத்தின் பொருளை வரைந்தவரிடமே கேளுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சை முதலியவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்குத் தனிப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படுக்கையோடு பகிர வேண்டாம். களிமண்ணும் மாவும் வேண்டாம்.

பாதுகாப்புக் குறிப்புகள்

- சுண்ணாம்புப் பாக்கெட் வெடித்துக் கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்து பார்வையே போகக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் உடனே சுத்தமான நீரால் இடைவிடாமல் கண்ணைக் கழுவி, அக்கணமே மருத்துவமனைக்கு வாருங்கள்.
- மூன்று வயதுக்குட்பட்டோர் கையில் பாசிமணி, பருப்பு, பொத்தான் முதலியவற்றைக் கொடுக்க வேண்டாம். மூக்கிலும் மூச்சுக்குழலிலும் சிக்கும்.
- வாயில் வைக்கும் வயதில் கடைக் கோல வண்ணப்பொடி வேண்டாம். அரிசிமாவு, மஞ்சள், பீட்ரூட் சாறு போதும்.
- குழந்தை பல்பம், மண், சுவர்ச் சுண்ணாம்பு ஆகியவற்றை விரும்பித் தின்றால் அடித்துத் திருத்த முயலாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கலை பேச்சுக்குத் துணை. நோயறிதலுக்கு மாற்றன்று. பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் "தானா வந்துரும்" என்று இராமல் மருத்துவரைக் காணுங்கள்:

- 12 மாதத்தில் மழலை ஒலியோ, சுட்டிக்காட்டுதல், டாட்டா காட்டுதல் போன்ற சைகையோ இல்லை.
- 16 மாதத்தில் பொருளுள்ள ஒரு சொல்லும் இல்லை.
- 24 மாதத்தில், பிறர் சொன்னதை ஒப்பிக்காமல், தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை.
- பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, கண் பார்ப்பதில்லை.
- எந்த வயதிலும், பேசிய சொற்களை இழந்துவிட்டது.

மூன்று வயதான ஒரு பெண் குழந்தையின் தாய், இவ்வாறு அருகமர்ந்து வரைந்த சில நாட்களில் ஒன்றைக் கண்டறிந்தார். தன் முகத்தைப் பார்க்கும்போது பதில் தரும் மகள், தாளைக் குனிந்து பார்க்கும்போது எதைச் சொன்னாலும் நிமிர்வதில்லை. கதவு அறைந்தால் திரும்புவாள் என்பதால் காது கேட்கிறது என்றே குடும்பத்தார் நம்பியிருந்தனர். உறக்கத்தில் வலியின்றிச் செய்யப்படும் பெரா பரிசோதனையில் இரு காதுகளிலும் மிதமான கேட்புக் குறைவு தெரிந்தது. இன்று அவள் செவித்துணைக் கருவியுடன் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கைதட்டிப் பார்ப்பது செவிப் பரிசோதனை ஆகாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் கூறிய சிறுவனுக்குச் செவித்திறன் இயல்பாகவே இருந்தது. பேச்சுப் பயிற்சி தொடர்ந்தது. கைப்பேசி நின்றது. முதல் இரு வாரங்கள் அவன் தாளைக் கிழித்தான். தாய் "கிழிச்சாச்சு, டர்ர்ர்" என்றார். பிறகு அவனும் "டர்ர்" என்றான். நான்காம் மாதம் அவர் கொண்டுவந்த கட்டில் ஒரு தாள் முழுதும் நீலக் கோடுகள். பின்புறம் தாயின் கையெழுத்தில் தேதியும் நான்கு சொற்களும் இருந்தன: "மழ. தண்ணி. அம்மா வா." அந்த வாரம்தான் அவன் குடத்தருகே நின்று, அழாமல், "தண்ணி" என்று கேட்டிருக்கிறான்.

எல்லாக் குழந்தைகளுக்கும் நான்கு மாதத்தில் இது நிகழும் என்று நாங்கள் உறுதி கூற இயலாது. ஆயினும் இன்று மாலை கால்மணி நேரம் ஒதுக்கித் தரையில் அமர எவராலும் இயலும். குழந்தை கோடு இழுக்கட்டும். கண்டதை ஒரு வரியில் சொல்லுங்கள். பிறகு பத்து வரை எண்ணிக் காத்திருங்கள்.